சக்கையின் ஆயுள்

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் 1871-க்குப் பிறகு வைரம் தோண்ட வந்தவர்கள் இரண்டு வகை மண்ணைப் பார்த்தார்கள். மேலே மஞ்சள் மண். மக்கி உதிர்ந்துபோனது, மண்வெட்டிக்கே வழிவிடும். அதற்கடியில் நீல மண், இறுகியது. நீல மண்ணை வெட்டியெடுத்துத் திறந்த வெளியில் ஏக்கர் ஏக்கராகப் பரப்பி, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்கள். அது தானாக உதிர்ந்த பிறகு அலசி வைரத்தைப் பொறுக்குவார்கள். எத்தனை மாதம் போட்டு வைத்தாலும் உதிராத உருண்டைகள் சில மிஞ்சும். உடைத்துப் பார்த்தால் பச்சை நிறப் பாறை. நடுநடுவே செக்கச் சிவந்த கார்னெட் மணிகள், மரகதப் பச்சையில் சில பொட்டுகள். பார்க்க அழகு. காசு பெறாது. வண்டியில் அள்ளிக் கழிவுமேட்டில் கொட்டினார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, அதே கழிவுமேடுகளில் சுத்தியலோடு ஏறி இறங்கியவர்கள் புவியியலாளர்கள். கிம்பர்லியின் போஷாஃப் சாலைக் கழிவுமேடு அவர்கள் நடுவே பெயர்பெற்ற இடம். அவர்கள் தேடியது வைரத்தை இல்லை. அந்தப் பச்சை உருண்டைகளை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, கவசத்தின் ஆழத்திலிருந்து உடைந்து வந்த துண்டுகள் அவை. ஜெனோலித் என்பார்கள்.

மனிதன் துளையிட்டு எட்டிய அதிகபட்ச ஆழம் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12 கி.மீ. சொச்சம். கிம்பர்லி பக்கம் மேலோடு மட்டுமே 35 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. கழிவுமேட்டுத் துண்டுகளோ 100, 150, சில 200 கி.மீ. கீழே இருந்தவை. கண்டங்களுக்கு அடியில் ஒரு காலத்தில் என்ன உருகியது, எவ்வளவு உருகியது, மிச்சம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி இவைதான். மற்றதெல்லாம் நிலநடுக்க அலைகளை வைத்தும், ஆய்வகத்தில் பாறையை உருக்கிப் பார்த்தும் போடுகிற கணக்கு.

இவற்றை மேலே கொண்டுவந்த எரிமலைக் குழம்புக்குக் கிம்பர்லைட் என்று பெயர் வைத்தவர் ஹென்றி கார்வில் லூயிஸ் என்ற அமெரிக்கர்; ஆண்டு 1887. அது ஆழத்துப் பாறைக்குழம்பு என்பதை அவர் சரியாகவே பிடித்தார். வைரம் பிறந்த விதத்தில்தான் சறுக்கினார்: குழம்பு மேலே வரும் வழியில் கரிச்சத்துள்ள களிப்பாறையைத் தொட்டதால் வைரம் விளைந்தது என்று நினைத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார், வயது 34. 1899-இல் இங்கிலாந்தின் பானி, நியூலேண்ட்ஸ் சுரங்கத்திலிருந்து வந்த, எக்லோகைட் என்ற பாறையின் உருண்டைகளுக்குள்ளேயே வைரம் பதிந்திருப்பதைக் காட்டினார். உருண்டைக்குள் வைரம் இருக்கிறதென்றால், அதைச் சுமந்துவந்த குழம்பில் வைரம் பிறந்திருக்க வேண்டியதில்லை. குழம்பு வெறும் வண்டி. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் வாதம் ஓயவில்லை. 1984-இல் ஸ்டீபன் ரிச்சர்ட்சனும் கூட்டாளிகளும் வைரத்துக்குள் சிக்கியிருந்த நுண்ணிய கார்னெட்டுகளின் வயதை 320 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று அளந்தார்கள். கிம்பர்லியின் கிம்பர்லைட்டுக்கு வயது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள்தான். அதோடு வாதம் முடிந்தது.

நம் பக்கத்திலும் இந்த வண்டி வந்திருக்கிறது. ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பகுதியில் வஜ்ரகரூரைச் சுற்றியுள்ள கிம்பர்லைட்டுகளில் பல, ஏறத்தாழ 110 கோடி ஆண்டு பழையவை. அவற்றிலும் கவசத் துண்டுகள் உண்டு. ஆனால் துண்டுகள் மிகுதியாகவும், கெடாமலும், ஆழம் ஆழமாக வகைபிரித்தாற்போலவும் கிடைத்த இடம் தென்னாப்பிரிக்காவும் அதற்குள் அடங்கிய லெசோத்தோவும்தான். காப்வால் கிரேட்டான் என்று அழைக்கப்படும் அந்தப் பழைய நிலப்பகுதியின் கதையாகவே இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது எத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜோ பாய்ட் இதற்கு விடை தேடினார். கருவி செய்வதில் கெட்டிக்காரர். ஜோசப் இங்கிலாந்து என்பவருடன் சேர்ந்து, பாறையை மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்துப் பார்க்கும் பிஸ்டன் சிலிண்டரை 1960-இல் செம்மைப்படுத்தியவர். கார்னெட்டோடு ஒட்டியிருக்கும் ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமம், அழுத்தம் கூடக் கூடக் குறைவான அலுமினியத்தைத்தான் தன்னுள் ஏற்கும். இரண்டு வகைப் பைராக்சீன்கள் தமக்குள் கால்சியத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விகிதமோ வெப்பத்தைச் சார்ந்தது. அலுமினியத்தை அளந்தால் ஆழம். கால்சியத்தை அளந்தால் சூடு. 1973-இல் லெசோத்தோத் துண்டுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டு வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார் பாய்ட். ஆழம் கூடக் கூடச் சூடு எப்படி ஏறியது என்பது, 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையில், அப்படியே கோடாக விழுந்தது. காணாமல் போன ஒரு காலத்தின் வெப்பத்தைக் கல்லிலிருந்து படித்த அந்த ஒரு படத்துக்காகவே அவரைக் கொண்டாடலாம் என்பேன்.

அந்தக் கோடு இன்னொன்றையும் சொன்னது. காப்வாலுக்கு அடியில் 150 கி.மீ. ஆழத்தில் வெப்பம் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ். கடலடியில் அதே ஆழத்தில் 1300 டிகிரிக்கு மேல். கண்டத்துக்குக் கீழே குளிர்ந்து இறுகிய ஒரு வேர், சுமார் 200 கி.மீ. வரை இறங்கி நிற்கிறது.

இங்கேதான் சிக்கல். குளிர்ந்த பாறை சுருங்கும்; சுருங்கினால் கனக்கும். சுற்றியிருக்கும் சூடான கவசத்தைவிட 300 டிகிரி குளிர்ந்த ஒன்று, அறுந்து கீழே மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுமக்கும் நிலப்பரப்பும் கூடவே அமிழ்ந்திருக்க வேண்டும். அமிழவில்லை. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலேயே நிற்கிறது. நிலநடுக்க அலைகளை ஆராய்ந்த தாமஸ் ஜோர்டான், கண்டங்களுக்கு இப்படி ஆழமான, குளிர்ந்த வேர் உண்டு என்று 1975-இல் சொன்னபோது இந்தக் கேள்வியும் அவர் மேசைக்கு வந்தது. அவர் விடை எடுத்தது கழிவுமேட்டுத் துண்டுகளிலிருந்து.

கவசத்துப் பாறைக்குப் பெரிடோட்டைட் என்று பெயர். பெரும்பகுதி ஆலிவின், மீதி இரண்டு பைராக்சீன்கள், ஆழத்தில் கொஞ்சம் கார்னெட். இது சூடேறி மேலெழும்போது அழுத்தம் குறைந்து உருகத் தொடங்கும். முழுதாக உருகாது, எளிதில் உருகும் சரக்கு முதலில் கழன்று வழியும். அலுமினியம், கால்சியம், சோடியம், டைட்டானியம், இரும்பில் ஒரு பங்கு, கூடவே இருக்கிற தண்ணீர் எல்லாம் குழம்போடு போய்விடும். அந்தக் குழம்பு மேலே வந்து உறைந்தால் பசால்ட். கீழே தங்குவது, ஆலையில் சாறு பிழிந்த கரும்பின் சக்கை மாதிரி: வறண்டது, எடை குறைந்தது, மறுபடி பிழிந்தாலும் எதுவும் வராதது.

காப்வால் துண்டுகள் இந்தச் சக்கைதான். எவ்வளவு பிழியப்பட்டது என்பதற்கு ஆலிவினே அளவுகோல். அதிலுள்ள மக்னீசியத்தையும் இரும்பையும் சேர்த்து நூறு அணுக்கள் என்று வைத்தால், அதிகம் உருகாத கவசத்தில் 89 மக்னீசியம், 11 இரும்பு. காப்வால் துண்டுகளில் மக்னீசியம் 92, 93. மூன்று நான்கு எண்தானே என்று தோன்றலாம். இன்று நடுக்கடல் மலைத்தொடர்களுக்கு அடியில் கவசம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உருகித்தான் கடல் தளத்தை உண்டாக்குகிறது. 93-ஐ எட்ட வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ உருகி வெளியேறியிருக்க வேண்டும். இன்றைய பூமியில் அப்படி உருகுவது அரிது. பூமியின் உட்புறம் இப்போதைவிட வெகுவாகச் சூடாக இருந்த காலத்தில்தான் அது வாடிக்கையாக நடந்திருக்க முடியும்.

கனமான இரும்பும், கார்னெட்டை உண்டாக்கும் அலுமினியமும் போனதால் சக்கைக்கு எடை குறைந்தது, ஒன்றிரண்டு சதவீதம். குளிர்ந்ததால் ஏறிய எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன என்பது 1978-இல் ஜோர்டான் போட்ட கணக்கு. வேர் மூழ்காது, மிதந்து எழவும் செய்யாது, நின்ற இடத்தில் நிற்கும். குழம்போடு தண்ணீரும் போனது பற்றிப் பிறகு தெரியவந்தது: தண்ணீர் துளியளவு கலந்தாலே ஆலிவின் இளகும், வறண்டால் இறுகும். 2010-இல் ஆன் பெஸ்லியேயும் கூட்டாளிகளும் காப்வால் வேரின் அடிப்பகுதித் துண்டுகளை அளந்தபோது அங்கேதான் ஆலிவின் மிகவும் வறண்டிருந்தது. கீழே ஓடும் சூடான கவசம் உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில், கரையாமல் தாங்கும் அளவுக்கு இறுக்கம். உருகி இழந்தது எல்லாமே வேருக்கு லாபமாக முடிந்திருக்கிறது.

வயது தெரியாமல் பிறந்த கதை முழுமையாகாது. வழக்கமான கதிரியக்கக் கடிகாரங்கள் இந்தப் பாறைகளில் ஏமாற்றின. பின்னால் ஊறிவந்த திரவங்கள் அவற்றைக் குழப்பியிருந்தன. உதவிக்கு வந்தது ரீனியம், ஆஸ்மியம் என்ற அபூர்வ உலோக இணை. ரீனியத்தின் ஒரு வகை, 4,000 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரை ஆயுளோடு, மெல்ல மெல்ல ஆஸ்மியமாக மாறும். பாறை உருகும்போது ரீனியம் குழம்போடு ஓடிவிடும். ஆஸ்மியம் சக்கையிலேயே தங்கும். ரீனியம் போன அந்த நொடியில் ஆஸ்மியக் கடிகாரத்தின் முள் நின்றுவிடும். முள் நிற்கும் இடமே உருகிய தேதி. வாக்கரும் கார்ல்சனும் ஷைரியும் பாய்டும் சேர்ந்து 1989-இல் தென்னாப்பிரிக்கத் துண்டுகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். பிறகு கிரஹாம் பியர்சன் முதலானோரும் அளந்தார்கள். பெரும்பாலான துண்டுகள் சுட்டியது 250 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். காப்வாலின் மேற்பரப்பில் இருக்கும் கிரானைட்டுகளுக்கும் எரிமலைப் பாறைகளுக்கும் வயது 360 கோடி முதல் 270 கோடி. மேலே நிலம் உருவான அதே யுகத்தில் கீழே வேரும் உருவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நிலம் பூமியின் மேல் எங்கெங்கோ நகர்ந்தது, மற்றக் கண்டங்களோடு சேர்ந்தது, பிரிந்தது. வேரும் கூடவே போனது. 200 கி.மீ. தடிமனுள்ள ஒன்று கழன்றுவிடாமல் கூடவே வந்தது என்பதை அந்த உலோகத் துகள்கள் சொல்கின்றன.

உருகியது எங்கே என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு தரப்பு: கீழிருந்து எழுந்த மிகச் சூடான தூண் ஒன்று ஆழத்திலேயே உருகி, சக்கையை அங்கேயே விட்டுவிட்டது. இதற்குத் துணையாகக் காட்டப்படுவது கோமாட்டியைட் என்ற எரிமலைப் பாறை. 1969-இல் விலியோன் சகோதரர்கள், காப்வாலின் கிழக்கே பார்பர்ட்டன் அருகில் கோமாட்டி ஆற்றங்கரையில் அதைக் கண்டு விவரித்தார்கள். ஏறத்தாழ 350 கோடி ஆண்டு பழையது, 1600 டிகிரிச் சூட்டில் வழிந்திருக்கக்கூடியது, மக்னீசியம் மிகுந்தது. பிழிந்தெடுத்த சாறு இதோ, சக்கை அதோ என்று ஜோடி சேர்க்கத் தோன்றும்.

மற்றத் தரப்பு குரோமியத்தைக் காட்டுகிறது. ஆழத்தில் உருகினால் கார்னெட் கடைசிவரை அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 60, 70 கி.மீ.க்கும் குறைவான, கார்னெட் நிலைக்காத ஆழத்தில் உருகினால்தான் அலுமினியம் தாராளமாக வெளியேறி, குரோமியம் மட்டும் தங்கும். காப்வால் துண்டுகள் பலவற்றில் அலுமினியத்தோடு ஒப்பிடக் குரோமியம் மிக அதிகம். ஆகவே மேலே உருகி, சக்கையான பிறகு, ஒன்றன் அடியில் ஒன்றாகத் தள்ளப்பட்டு ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். கார்னெட் அங்கே போன பிறகு விளைந்தது. எனக்கு இந்தத் தரப்பின் பக்கமே மனம் சாய்கிறது. ராபர்ட்ஸ் விக்டர் சுரங்கத்தின் எக்லோகைட் துண்டுகளில், ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் கவசத்துக்கு உரியதாக இல்லை. கடல் நீர் பட்டு மாறிய பாறைக்கு உரியதாக இருக்கிறது. ஒரு காலத்தில் கடல் தளமாக இருந்த பசால்ட், எக்லோகைட்டாக மாறிக் கண்டத்தின் வேருக்குள் செருகப்பட்டிருக்கிறது. ஷைரியும் ரிச்சர்ட்சனும் 2011-இல் வைரங்களுக்குள் சிக்கிய கனிமங்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள்: 320 கோடி ஆண்டுக்கு முன் எக்லோகைட் வகை இல்லை, 300 கோடிக்குப் பிறகு தாராளமாக வருகிறது. கடல் தளம் கண்டத்துக்கு அடியில் செருகப்படுவது அந்த இடைவெளியில்தான் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு.

ஆனாலும் ஒரு முரண்டு தீரவில்லை. இவ்வளவு உருகி மிஞ்சிய சக்கையில் ஏறக்குறைய முழுக்க ஆலிவின்தான் இருக்க வேண்டும். கிரீன்லாந்தின் சில துண்டுகள் அப்படித்தான் இருக்கின்றன. காப்வாலிலோ ஆர்த்தோபைராக்சீன் வரம்பு மீறிக் கிடக்கிறது. அதாவது சிலிக்கா அதிகம். உருகுதல் மட்டும் இதைச் செய்யாது. செருகப்பட்ட கடல் தளத்திலிருந்து கசிந்த சிலிக்கா ஊறியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். வேருக்குப் பிறந்தநாள் ஒன்று இருந்தாலும், பிற்பாடு உடம்பில் ஏறியவை பல.

அந்தக் குரோமியக் கணக்கு வைர வேட்டைக்காரர்கள் கைக்கும் போனது. கேப் டவுனின் ஜான் கர்னி, குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த சிவப்பு-ஊதா கார்னெட்டுகள் எங்கே கிடைக்கின்றனவோ அங்கே வைரமும் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினார். ஜி-10 கார்னெட் என்று அதற்குப் பெயர். வெகுவாக உருகிப்போன, ஆழமான வேரின் அடையாளம் அது. வைரம் விரும்பும் இடமும் அதுதான். கனடாவில் சக் ஃபிப்கி பனியாறு இழுத்துப்போட்ட மண்ணைச் சலித்து, இத்தகைய மணிகளின் தடம் பிடித்துப் போய், 1991-இல் லாக் டி க்ரா ஏரிப் பகுதியில் வைரக் கிம்பர்லைட்டைக் கண்டார். கிம்பர்லிக்காரர்கள் வண்டி வண்டியாகக் கொட்டிய சிவப்பு மணிகள் ஒரு பெரும் சுரங்கத் தொழிலுக்கு வழிகாட்டியாக மாறின.

வேர் பிறந்த பிறகு அதனடியில் உருகுதல் நின்றுவிடவில்லை; அளவும் குணமும் மாறின. சக்கை இனி உருகாது. ஆனால் அதற்கும் கீழே இருக்கும் கவசத்தில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு மேலேறி வேரின் இடுக்குகளில் ஊறும். போஷாஃப் சாலைக் கழிவுமேட்டுத் துண்டுகளில் பொன்னிற மைக்கா அதனால் விளைந்ததுதான். வேரின் அடிப்பகுதியிலிருந்து வந்த, நசுங்கி இழுபட்ட துண்டுகளில் கார்னெட்டின் நடுப்பகுதி ஒரு சேர்மானம், ஓரம் வேறு சேர்மானம்: ஓரத்தில் இரும்பும் டைட்டானியமும் கூடுதல். குழம்பு திரும்பி வந்து தொட்ட தடம் அது. அந்தச் சூட்டில் நாளாக நாளாக நடுவும் ஓரமும் ஒன்றாகியிருக்கும், ஆகவில்லை. குழம்பு தொட்ட கொஞ்ச காலத்துக்குள்ளேயே கிம்பர்லைட் வந்து அந்தத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. பயணமும் விரைவு. நீரைவிட மும்மடங்குக்கு மேல் கனக்கும் கல்லைக் கீழே நழுவவிடாமல் 150 கி.மீ. தூக்கி வருவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகியிருக்கும் என்பதே பொதுவான மதிப்பீடு.

பெரிய சோதனை ஒன்றும் வந்தது. 18 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கரூ பசால்ட் வெள்ளமாகப் பாய்ந்தது. லெசோத்தோவின் மலைகள் அந்தப் பசால்ட் அடுக்குகள்தான். அத்தனை குழம்பு வழிந்த பகுதிக்கு அடியிலிருந்து, 9 கோடி ஆண்டு கழித்து, அதே பசால்ட்டைத் துளைத்துக்கொண்டு வந்த கிம்பர்லைட்டுகளில் குளிர்ந்த, பழைய சக்கை இருக்கிறது. பாய்ட் 1973-இல் அளந்தது அவற்றைத்தான். 1990-களின் கடைசியில் தெற்கு ஆப்பிரிக்காவில் எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலநடுக்கமானிகளை வைத்துக் கேட்டபோதும் காப்வாலுக்கு அடியில் அலைகள் வேகமாகவே ஓடின. வேர் இன்னும் இருக்கிறது.

எல்லா வேரும் இப்படித் தாங்கவில்லை. வடசீனத்தின் கிழக்குப் பகுதியும் பழைய கிரேட்டான்தான். ஷாண்டோங்கின் மெங்யின், லியாவ்னிங்கின் ஃபூஷியன் ஆகிய இடங்களில் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த கிம்பர்லைட்டுகள், 200 கி.மீ. ஆழம்வரை குளிர்ந்த வேர் இருந்ததற்கான துண்டுகளையும் வைரத்தையும் கொண்டுவந்தன. அதே கிழக்குச் சீனத்தில் கடந்த சில கோடி ஆண்டுகளில் வழிந்த பசால்ட்டுகள் சுமந்துவந்த துண்டுகளோ 80 கி.மீ.க்கு உட்பட்ட ஆழத்தவை, கார்னெட் இல்லாதவை, பலவற்றில் மக்னீசிய எண் 90-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே நூறு கி.மீ.க்கு மேற்பட்ட வேர் காணாமல் போய்விட்டது. 1993-இல் மென்சீஸ், ஃபான், ஜாங் மூவரும் இந்த இரண்டு வகைத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இதைச் சொன்னார்கள். பசிபிக் பக்கத்திலிருந்து கடல் தளம் நெடுங்காலம் அடியில் செருகிக்கொண்டே இருந்தது. அது கொண்டுவந்த தண்ணீர் வறண்ட சக்கையை இளக்கிவிட்டது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வேர் கரைந்த காலத்தையொட்டி, 12 கோடி ஆண்டுகளுக்கு முன், ஷாண்டோங்கின் ஜியாவ்டோங் தீபகற்பத்தில் தங்கம் படிந்தது; சீனாவில் மிகுதியாகத் தங்கம் எடுக்கும் இடம் இன்று அதுதான். வைரம் விளைந்த ஆழத்தில் இப்போது அங்கே இருப்பது, அடுத்த முறை உருகுவதற்குச் சரக்குள்ள புதிய கவசம்.